பந்தியில் இலை எடுத்தவன்

கூக்கால் மணியனுக்கு வயது நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பஸ்ஸே சரியாக வராத ஊருக்கு எவன் பெண் கொடுப்பான் என்றார்கள் சிலர். பூண்டுக்காரனுக்கு விளைச்சல் இருந்தால் விலை இருக்காது, விலை இருந்தால் விளைச்சல் இருக்காது, இதில் பெண்டாட்டி வேறா என்றார்கள் வேறு சிலர். பக்கத்து வீட்டில் குடியிருந்த அவனுடைய அக்கா வீரம்மாள்தான் உள்ளதைச் சொன்னாள். "இவன் கூட்டுற கூட்டுல, வர்ற பொம்பளையையும் சேத்துல்ல கூட்டித் தள்ளிருவான்."

பொய்யில்லை. மணியனுக்கும் துடைப்பத்துக்கும் அப்படியொரு பந்தம். வெள்ளனே எழுந்து தன் வாசலைக் கூட்டுவான், அக்கா வாசலைக் கூட்டுவான், இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிற மண்ணையும் கூட்டுவான். பூண்டை உலரப்போட்டால் தாளெல்லாம் ஒரே திசையைப் பார்த்துக் கிடக்க வேண்டும். மாடு சாணி போட நினைக்கும்போதே இவன் கூடையோடு போய் நின்றுவிடுவதால் அந்த மாட்டுக்கு மலச்சிக்கல் வந்துவிட்டது என்று ஊரில் ஒரு கேலி உண்டு. மற்றபடி ஆள் தங்கம். யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டான். சிரித்தால் மட்டும் ஏதோ தப்புச் செய்துவிட்டவன் மாதிரி இருக்கும்.

அந்தப் பங்குனியில் வீரம்மாள் அவனைப் பழனிக்கு இழுத்துக்கொண்டு போய் மொட்டை போடவைத்தாள். "முடியைக் குடுத்தாலாவது முருகன் ஒரு முடிவைக் குடுக்கட்டும்" என்பது அவளுடைய வேண்டுதல். மொட்டை போட்டதும் சந்தனம் பூசவேண்டும் அல்லவா? அடிவாரத்தில் முதலில் கண்ணில் பட்ட சந்தனக் கடையில் போய் நின்றான். கடையில் இருந்தவள் தேவசேனா.

"தலையைக் குனிங்க" என்றாள். குனிந்தான். இரண்டு கையாலும் சந்தனத்தை அள்ளி அப்பித் தேய்த்தவள், "இங்க என்ன இப்பிடி வீங்கிக் கெடக்கு?" என்று கேட்டாள்.

"பஸ்ல இடிச்சுக்கிட்டேங்க."

"எந்த ஊரு பஸ்ஸுங்க அது?"

"கூக்கால்."

"அது எங்க இருக்கு?"

"ரோடு முடியிற எடத்துலங்க."

தேவசேனா சிரித்தாள். அவள் சிரிப்பு நின்று நிதானமாக வருகிற ரகமில்லை. பானையில் பால் பொங்குகிற மாதிரி திடுதிப்பென்று வழியும். மணியனுக்குச் சந்தனத்தின் குளிர்ச்சி உள்ளங்கால் வரைக்கும் இறங்கியது. காசைக் கொடுத்துவிட்டு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி வந்து, காய்ந்துவிட்டது, இன்னொரு தடவை பூசவேண்டும் என்றான். பூசினாள். மறுபடியும் போனான், மறுபடியும் வந்தான்.

"மொட்டை ஒண்ணுதானே இருக்கு? இன்னும் எங்கதான் பூசச் சொல்றீங்க?" என்றாள் அவள்.

கடைப் பலகையில் போன் நம்பர் எழுதியிருந்தது. கூக்காலுக்குச் சந்தனம் அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்க அவன் மறுநாளே கூப்பிட்டான். அவனுக்கு எதற்குச் சந்தனம்? அவனுக்கே தெரியாது. அவளும் கேட்கவில்லை. "முடி மொளைச்சிருச்சா?" என்றுதான் கேட்டாள். அதன்பிறகு தினமும் பொழுது சாய்ந்ததும் அதையே கேட்டாள். அவனும் தினமும் தலையைத் தடவிப் பார்த்துப் பதில் சொன்னான். இப்படியே சித்திரை போனது, வைகாசி போனது. முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணும் நாற்பதைத் தொடப்போகிற ஓர் ஆணும் தலைமுடி வளர்வதைப் பற்றி இரண்டு மாதம் பேச முடியுமா என்று கேட்டால், முடியும். காதல் வந்தால் கத்தரிக்காயைப் பற்றிக்கூட ஆறு மாதம் பேசலாம்.

கூக்காலில் எல்லா இடத்திலும் போன் எடுக்காது. மணியனின் தோட்டத்துக்குப் பின்னால் சோலைக்காட்டிலிருந்து ஓர் ஓடை இறங்கி வருகிறது. அது ஒரு பெரிய பாறையில் முட்டித் திரும்புகிற இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். கசம் என்பார்கள். அந்தப் பாறையின் மேல் ஏறி நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும். அதனால் அவன் பேசிய பேச்சு முழுவதையும் கேட்டவை கசத்துத் தவளைகள்தான். கேட்டுக்கொண்டு சும்மாவும் இருக்கவில்லை. இவன் வாயைத் திறந்தால் அவையும் திறந்தன.

"அங்க என்னங்க சத்தம்? மிக்சி ஓடுதா?" என்றாள் தேவசேனா ஒருநாள்.

"தவளைங்க."

"இம்புட்டுமா? கொஞ்சம் போனை அதுங்ககிட்ட காட்டுங்க." காட்டினான். அந்தப் பக்கம் பால் பொங்கி வழிந்தது. "ஏங்க, இதுங்க என்னங்க இந்தப் பேச்சுப் பேசுதுங்க! எங்க தெருவுல விடிஞ்சதுலருந்து மைக்குச் சத்தம், பஸ் ஹாரனு, மொட்டைக்கு ஆள் கூப்புடுற சத்தம். இதைக் கேட்டாத்தான் எனக்குத் தலை லேசாவுது. நீங்க பேசவேணாம், போனைக் கீழ வைங்க."

அன்றிலிருந்து அவன் பாதி நேரம் பேசுவான், மீதி நேரம் கையை நீட்டிப் போனைக் கசத்தின் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பான். தோள் வலிக்கும். அந்த வலி இல்லாத நாள் அவனுக்கு நாளாகவே படவில்லை.

விஷயம் வீட்டுக்குப் போனது. தேவசேனாவின் அப்பா குமாரவேலுக்குப் பெரிய சம்மதமில்லை. பழனியில் பிறந்தவள் மலைமேல் போய்க் குளிரில் நடுங்குவதா என்றார். கடைசியில் தேவசேனாவே ஒரு வழி சொன்னாள். ஆடி முடிந்து ஆவணியில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது தானும் வருவதாகச் சொன்னாள். பெண் வருகிற வழக்கம் கிடையாது. இவள் கேட்கிற ஆளும் கிடையாது.

"எங்கப்பாவுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்றாள் மணியனிடம். "தெனமும் கச்சேரி வைக்கிற அந்த ஆளுகளை நேர்ல பாப்பேன். மனசுக்குப் புடிச்சாச் சரிம்பேன், இல்லையா, அப்பா சொல்ற எடத்துல கழுத்தை நீட்டிருவேன். கசம் எப்பிடிங்க இருக்கும்? எங்க ஆத்துல காலை வைக்கக் கூசுது, ஒரே குப்பை. உங்க ஓடையில குப்பை கெடக்காதுல்ல?"

இந்த இடத்தில்தான் சனியன் வாய்க்கால் வெட்டியது. பழனியில் குப்பை என்றால் பிளாஸ்டிக் பை, கழற்றிப்போட்ட பழந்துணி, சோப்புத்தாள். கூக்காலில் குப்பை என்றால் தோட்டத்துக்கு அடிக்கிற உரம். சாணியும் சருகும் சேர்ந்து மக்கியது. ஒருவரை ஒருவர் பார்த்தால் "குப்பை அடிச்சாச்சா?" என்பதுதான் அங்கே சௌக்கியமா என்பதற்குப் பதிலாகக் கேட்பது. மணியன் பாறையில் நின்றபடி கசத்தை எட்டிப் பார்த்தான். காட்டு நாவலும் பெயர் தெரியாத சோலை மரங்களும் உதிர்த்த இலை, பழுப்பும் கறுப்புமாகத் தண்ணீரில் அடுக்கடுக்காகப் படிந்து கிடந்தது. அவன் கண்ணுக்கு அதுதான் குப்பை. அதுவும் நல்ல குப்பை, ரெண்டு பாத்திக்குத் தாங்கும். இத்தனை வருஷம் இதை விட்டுவைத்திருக்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஒரு இணுக்குக்கூட இருக்காதுங்க" என்றான்.

சும்மாவே ஆடுகிறவன் காலில் சலங்கை கட்டிவிட்டால்? மறுநாள் விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கசத்தில் இறங்கினான். கூடை கூடையாகச் சருகை வாரிப் பூண்டுப் பாத்தியில் கொட்டினான். அடியில் கிடந்த கறுப்புச் சேறு போன்றதையும் வழித்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இலை சும்மா இருக்குமா? இன்று வாரினால் நாளை அதே அளவு வந்து கிடந்தது. பழைய பூண்டு மூட்டை வலைகளை ஒன்றோடொன்று தைத்து, கசத்துக்கு மேலே ஓடையின் குறுக்கே கட்டினான். ஓர் இலை கீழே வரமுடியாது. கசத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கிளைகளைத் தினமும் உலுக்கி, விழப்போவதையும் முன்கூட்டியே விழவைத்து வாரினான்.

ஆடி பாதியில் கசம் கண்ணாடி ஆனது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். மணியன் பாறையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தேவசேனா பாதம் வைக்கப்போகிற தண்ணீர் என்று நினைத்தாலே அவனுக்குச் சிரிப்பு வரும். வீரம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எலே, இதுல பல்லு வெளக்கவே பயமா இருக்குடா" என்று மெச்சினாள்.

மெச்சியவர்களில் ஒரு கொக்கும் உண்டு. ஒளிய ஓர் இலைகூட இல்லாமல் வெட்டவெளியில் திரிந்த விரல் நீள மீன்களை அது நின்ற இடத்திலிருந்தே பொறுக்கித் தின்றது. அது போனால் மீன்கொத்தி வந்தது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடித்தவர்களைப் போல இரண்டும் நிதானமாகச் சாப்பிட்டன. நண்டுகள் இடத்தைக் காலி செய்தன. தட்டான் ஒன்றுகூடத் தாழப் பறக்கவில்லை. கடைசியாகத் தவளைகளும் வாயை மூடின. மணியன் இதை எதையும் கவனிக்கவில்லை. அவன் கூழாங்கல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, ரெண்டு நாளாக் கச்சேரியைக் காணோம்?" என்றாள் தேவசேனா.

அப்போதுதான் அவன் காதைத் திறந்தான். காற்றுச் சத்தம் இருந்தது, ஓடைச் சத்தம் இருந்தது. நடுவில் இருக்கவேண்டியது இல்லை.

"இருக்குங்க. இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு" என்றான்.

"அதுங்க இல்லாம நான் அங்க எதைங்க பாக்க வர்றது?" என்று அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் மணியனுக்கு அது சிரிப்பாகக் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவன், அவள் "கச்சேரி?" என்றதும், போனைத் தூரமாகப் பிடித்து, கழுத்தைத் திருப்பி, "க்ரொக்" என்றான்.

தானாக வந்துவிட்டது. வந்தது நன்றாகவும் இருந்தது. அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. இன்னும் இரண்டு தடவை "க்ரொக்" என்றான். ஆனால் ஒற்றைத் தவளை எத்தனை நாளைக்குத் தாங்கும்? அடுத்த நாள் அக்காவின் காலில் விழுந்தான். வீரம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பத்து வருசமாப் பொண்ணு தேடி நாயா அலைஞ்சேன். இப்பத் தவளையாவும் ஆவணுமாடா?" என்று திட்டினாள். திட்டிவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு புதருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் குரல் கனம். ஆண் தவளை அவள், பெண் தவளை அவன் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் அமோகமாகப் போனது. ஊரில் யாரோ ஓடைப் பக்கம் பேய் கத்துகிறது என்றுகூடச் சொன்னார்கள்.

ஒருநாள் பனி இறங்கியது. கச்சேரி உச்சத்தில் இருக்கும்போது ஆண் தவளை அடக்கமுடியாமல் ஒரு தும்மல் போட்டது. மலையே அதிர்ந்த தும்மல்.

"ஏங்க, என்னங்க அது?" என்றாள் தேவசேனா.

"தவளைக்குச் சளிங்க" என்றான் மணியன்.

"அடப் பாவமே. தைலம் தேச்சு விடுங்க" என்றாள் அவள்.

அவள் வாய் முகூர்த்தம் பலித்தது. அன்றிரவு முழுக்க மணியன் யோசித்தான். சருகை எடுத்த பிறகுதான் தவளை போயிற்று. ஆகவே சருகைப் போட்டால் வரும். கணக்கு சரி. ஆனால் வாரிய சருகெல்லாம் பூண்டுக்கு அடியில் போய்விட்டது. ரோட்டோரம் தைலமரத் தோப்பில் இலை மலையாகக் குவிந்து கிடந்தது. மூட்டை மூட்டையாகக் கட்டிச் சுமந்து வந்து, விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடித்துவிடுகிற வேகத்தில் கசத்தில் கொட்டினான்.

தண்ணீர் முதலில் டீ நிறமானது. பிறகு பால் விடாத டீ. பிறகு தார். மேலே எண்ணெய் மினுங்கியது. பக்கத்தில் நின்றால் மூக்கடைப்பு விட்டது. கல்லிடுக்கில் ஒளிந்து தப்பியிருந்த ஒன்றிரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு, விட்டால் போதுமென்று கீழோடைக்கு இறங்கி ஓடின. எந்தப் புழுவும் அந்த இலையைத் தொடவில்லை.

வீரம்மாள் மோந்து பார்த்தாள். "ஓடைக்கா சளி புடிச்சிருக்கு? இந்தத் தேய் தேச்சு வச்சிருக்க!" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள், பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மணியனுக்கு அழுகை வந்தது. அக்கா சிரிப்பதைப் பார்த்து அவனுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் விக்கல் எடுத்தது. விக்கிக்கொண்டே தைல இலை முழுவதையும் திரும்ப வாரி வெளியே போட்டான்.

மிச்சக் கறுப்புத் தண்ணீர் கழுவிப்போக வேண்டுமானால் மேலிருந்து தண்ணீர் வெரசாக வரவேண்டும். ஆனால் ஓடை நூல் மாதிரி வந்தது. என்ன அடைப்பு என்று பார்க்க மேலே ஏறிப்போனான். அவன் கட்டிய வலையேதான். வலையின் மேல்பக்கம் ஆடி மாதத்துச் சோலை இலை அத்தனையும் வந்து மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது. கையை விட்டு ஒரு கொத்தை அள்ளினான்.

உள்ளங்கை நகர்ந்தது.

மணியன் அப்படியே தண்ணீரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். கையில் இருந்த நாவல் இலை ஊறி வழுவழுவென்று இருந்தது. அதன் ஓரத்தை ஒரு புழு கரகரவென்று அரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு புழு இலையைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டித் தனக்கொரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, சட்டையோடு நடந்து போனது. பக்கத்து இலையில் சதை முழுவதும் தின்று தீர்ந்து நரம்பு மட்டும் சல்லடையாக மிஞ்சியிருந்தது. இலையின் பாசியைத் தலைப்பிரட்டைகள் வரிசையில் நின்று வழித்தன. ஒரு நண்டு பெரிய இலை ஒன்றை இடுக்கியால் கிழித்துக் கிழித்து, அப்பளம் நொறுக்குகிற கல்யாண வீட்டுக் கிழவர் மாதிரி, யாரையும் நிமிர்ந்து பாராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சிந்திய துணுக்குக்கு அடியில் ஏதேதோ பொடிப்பூச்சிகள் காத்திருந்தன. பூச்சியைப் பிடிக்க மீன் வந்தது. மெத்தையின் மேல், எல்லாவற்றுக்கும் முதலாளி மாதிரி, ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அவனைப் பார்த்தது. யாருடா நீ என்கிற மாதிரிதான் பார்த்தது.

மணியனுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. இத்தனை பேருக்கும் உலை வைப்பவை அந்த மரங்கள். இலைதான் இங்கே சோறு. மரம் போடுகிறது, ஓடை பரிமாறுகிறது, ஒருத்தர் மிச்சம் அடுத்தவருக்கு. இவன் என்ன செய்தான்? சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னாலிருந்து இலையை உருவிக்கொண்டு போயிருக்கிறான். தெரிந்தவர்களின் பந்தியில் பாதியில் இலையை எடுத்தால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். தவளை பேச்சை நிறுத்தாமல் என்ன செய்யும்?

"தப்பு என் பேர்லதான்" என்று தவளையிடம் வாய்விட்டே சொன்னான். எழுந்து வலையை அறுத்தான். ஒரேயடியாக அறுத்தால் தைல இலைக் கதையாகிவிடும் என்று பயந்து, முதல் நாள் ஓரத்தில் ஒரு கண்ணி, மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று விட்டான். இலை இரண்டும் மூன்றுமாகக் கசத்தில் வந்து இறங்கியது. சில இலையில் ஆள் ஏறியே வந்தார்கள். அவன் கை துடைப்பத்துக்கு அரித்தது. வாசலை மறுபடி மறுபடி கூட்டி அரிப்பைத் தீர்த்துக்கொண்டான். ஆடி முடியும்போது கசத்தின் அடி பழையபடி பழுப்பாகிவிட்டது. மீன் திரும்பியது. நண்டு வந்தது. தவளை வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. கோபம் தீர நாளாகும்போல. தேவசேனாவுக்காக அக்காவும் தம்பியும்தான் தொடர்ந்து தவளையாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லப் போனில் தைரியம் வரவில்லை.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து வந்தார்கள். குமாரவேல், அவருடைய மகன் சிவமுருகன், தேவசேனா. பச்சைச் சேலையில் ஜீப்பிலிருந்து இறங்கியவள் மணியனின் தலையைத்தான் முதலில் பார்த்தாள். முடி அடர்த்தியாக முளைத்து, எண்ணெய் வைத்து, படிய வாரியிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மணியனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வீரம்மாள் ஒட்டன்சத்திரத்துக்குக் காய் கொண்டுபோன லாரியில் சொல்லிவிட்டு வாழையிலைக் கட்டு வரவழைத்திருந்தாள். ஏழு வகையில் சமைத்து வைத்திருந்தாள். ஆனால் எல்லாருக்கும் தெரியும், பெண்வீட்டார் மனசு ஒப்பினால்தான் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். ஒப்பவில்லை என்றால் ஒரு வாய்த் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். "சாப்புடலாங்களா?" என்று வீரம்மாள் கேட்டபோது குமாரவேல், "இருக்கட்டும் தாயி, மொதல்ல எடத்தைப் பாத்துருவோம்" என்றார். அந்த 'இருக்கட்டும்' வீரம்மாளின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

தோட்டத்தைப் பார்த்தார்கள். பூண்டைப் பார்த்தார்கள். குமாரவேல் எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். கடைசியில் கசத்துக்கு வந்தார்கள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தவளை எங்கே கத்தும்? ஓடைச் சத்தம் மட்டும் இருந்தது. குமாரவேல் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி, ஆள் ரொம்பச் சுத்தம்னாங்க. தண்ணியில இம்புட்டுக் குப்பை கெடக்கு?"

வீரம்மாள் கண்ணால் தம்பிக்கு ஜாடை காட்டினாள்: காத்துல விழுந்தது, இப்ப எடுத்துருவோம்னு சொல்லு. மணியன் தேவசேனாவைப் பார்த்தான். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"குப்பை இல்லைங்கய்யா" என்றான். "இலை போட்டிருக்குங்க. உள்ள பந்தி நடக்குது. நானும் குப்பைன்னு நெனச்சு ஒருக்கா வாரிப்புட்டேன். சாப்புட்டுக்கிட்டு இருந்த அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. இப்பத்தான் ஒவ்வொருத்தரா வர்றாங்க." பிறகு தேவசேனாவிடம் திரும்பினான். "தவளை கத்தி ஒரு மாசமாச்சுங்க. நீங்க கேட்டது நானும் எங்கக்காவும்."

வீரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிவமுருகன் என்ன நடக்கிறது என்று புரியாமல் அப்பாவைப் பார்த்தான். குமாரவேல் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். தைப்பூசத்துக்கு நடந்துவருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிற இடத்தில் வருஷா வருஷம் பந்தி விசாரிக்கிறவர் அவர். இலை என்று காதில் விழுந்தால் அவருக்கு உடம்பு தானாக விறைக்கும். குனிந்து தண்ணீரைக் கூர்ந்து பார்த்தார். ஏதோ அசைவது தெரிந்தது. சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"சாப்புடுற எடத்துல செருப்போட நிக்கலாமா" என்று மகனையும் கழற்றச் சொன்னார்.

தேவசேனா அதற்குள் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கியது. பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்து, மறுபடியும் பொங்கியது. "எனக்குத் தெரியாதாக்கும்? எந்தத் தவளைங்க தும்மும்?" என்றாள் மூச்சு வாங்க. "ஒரு மாசமா நீங்க கத்துறதைக் கேக்கத்தானே போனை வைக்காம இருந்தேன்! யாரு அந்தக் கனத்த குரலு? அண்ணியா?"

வீரம்மாள் முந்தானைக்குள்ளிருந்து, "ஆமா தாயி" என்றாள்.

தேவசேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு கசத்தின் பக்கம் குனிந்தாள். ஒரு நாவல் இலை தானாக நடந்து போவது போலிருந்தது. என்னவென்று பார்க்க வளையலை மேலே ஏற்றிவிட்டு, முழங்கை வரை தண்ணீரில் விட்டு அதை எடுத்தாள். இலைக்கு அடியில் நண்டு தொங்கியது. சாப்பாட்டை விட மனசில்லாமல் அதுவும் இலையோடு மேலே வந்துவிட்டது.

"ஏ தாயி!" என்று குமாரவேல் பதறினார். "என்னா காரியம் பண்ணிட்ட? இன்னும் ஒண்ணுமே பேசலையே, அதுக்குள்ள மாப்ள வீட்டுல கையை நனைச்சுப்புட்டியே!"

தேவசேனா சொட்டுகிற கையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், நண்டை இலையோடு மெதுவாகத் தண்ணீரில் திரும்ப விட்டாள்.

"நனைச்சுட்டேம்ப்பா" என்றாள். "அண்ணி, எங்களுக்கும் இலையைப் போடுங்க."